கடைசிக்கு முந்தின கம்பம்

அப்துல் குத்தூஸ் மதித்த பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: செம்பு. இரும்பு துருவை மறைக்கும், அலுமினியம் எடையில் ஏமாற்றும், மனிதர்கள் இரண்டையும் செய்வார்கள். செம்பு மட்டும் தனக்கு நேர்ந்ததை நேர்ந்தபடி சொல்லும். முப்பது வருஷ வியாபாரத்தில் அவர் கண்டுகொண்ட வேதாந்தம் அவ்வளவுதான்.

உக்கடத்தில் அவருக்குக் காயலாங்கடை. தீய்ந்துபோன டிரான்ஸ்பார்மர்களை வாங்குவார். எண்ணெயை வடித்து, செயின் பிளாக் மாட்டி, உள்ளே இருக்கிற கம்பிச் சுற்றைத் தூக்கி, செம்பைத் தனியே தகட்டைத் தனியே பிரித்து விற்பார். விற்க வருகிற முதலாளிகள் எல்லோரும் இழவு வீட்டுக்காரர்கள் மாதிரி ஒரே பல்லவியைத்தான் பாடுவார்கள். நேற்று வரைக்கும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்பார்கள். குத்தூஸ் அதைக் காதில் வாங்கமாட்டார். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். ஆசைப்பட்டு லோடு ஏற்றிக் கொன்றிருந்தால் சுற்று முழுக்க ஒரே சீராக வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். இடியில் செத்ததென்றால், லைன் வந்து நுழைகிற வாசலில் நாலைந்து சுற்று மட்டும் உருகி, மீதிச் செம்பு கடையில் வாங்கின மேனிக்கு மின்னும். பிரித்த தொட்டியின் மேல் ஊர், கம்பம், மாசம், செத்த விதம் எல்லாவற்றையும் வெள்ளைப் பெயின்டால் எழுதிவைப்பார். எண்ணெய் வாங்க வருகிறவனுக்கும் பழைய சுற்றை வாங்குகிற பட்டறைக்காரனுக்கும் அந்தச் சாதகம் வேண்டும்.

அவருடைய ஒரே மகள் நஸ்ரியா ஆறு வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மின்கம்பியில் இடி விழுந்தால் எழும்புகிற மிகை வோல்டேஜ் அலை எப்படி ஓடுகிறது, எதில் முட்டுகிறது, எங்கே திரும்புகிறது என்று கம்ப்யூட்டரில் மாதிரி கட்டிக் கணக்குப் போடுவது அவள் வேலை. ஆரம்பத்தில் குத்தூஸ் அதையும் மதிக்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் இடி விழுந்தால் வீட்டுக் கூரையா ஒழுகப்போகிறது என்று கேட்டு, மனைவி சாஜிதா பேகத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் ஒருநாள் நஸ்ரியா துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு கடைக்குள் வந்து, எண்ணெய்ப் பிசுக்கில் நடந்து, இடி என்று எழுதின அறுபத்தொரு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போனாள். தன் கிறுக்கல் ஆராய்ச்சியில் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் பாய் மூன்று நாள் யாரிடமும் விலை குறைக்காமல் இருந்தார்.

அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு அவளுடைய மாதிரியோடு பொருந்தின. மூன்று பொருந்தவில்லை. மூன்றும் ஒரே கம்பம்.

சூலூருக்குக் கிழக்கே போகிற ஒரு லைனின் வால் அது. கடைசிக் கம்பம் சின்னப்பராஜின் தறி ஷெட்டுக்கு. அதற்கு நூற்றைம்பது மீட்டர் முந்தினது ஸ்டீவின் ஷெட்டுக்கு. இருவருக்கும் சொந்த டிரான்ஸ்பார்மர், ஒரே அளவு, ஒரே கம்பெனி. மாதிரிப்படி இரண்டுக்கும் ஆபத்து ஒரே அளவு. நடந்ததோ, ஸ்டீவுக்கு ஐந்து வருஷத்தில் மூன்று போய்விட்டது. சின்னப்பராஜுக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

நஸ்ரியாவின் வழிகாட்டி பேராசிரியர் வின்ஸ்டன். அந்த மூன்று தொட்டிகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு வந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவர் சொல்லி மூன்று மாசம் ஆயிற்று. இவள் அடிக்கவில்லை, அவர் போடவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த காலம் அக்டோபர் முப்பத்தொன்றோடு முடிகிறது. அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் கையெழுத்தான படிவம் போய்ச் சேராவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷமும் தண்ணீரில் போட்டது மாதிரி.

மூன்றே மூன்று தொட்டிதானே, அடித்துவிட்டுப் போயேன் என்று குத்தூஸ் சொல்லிப் பார்த்தார்.

"மூணை நான் எடுத்துட்டா, மீதி அம்பத்தெட்டும் நான் பொறுக்கி வெச்சதுன்னு ஆயிரும் அத்தா" என்றாள் நஸ்ரியா.

கூடையில் மேல் வரிசை மட்டும் நல்ல தக்காளி அடுக்குகிறவனைத் தெரிந்த மனிதருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சாஜிதா பிடுங்கின பிடுங்கலில் ஒருநாள் அவரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளோடு காலேஜுக்குப் போனார். பேராசிரியர் அறையில் ஏசி ஓடியது. மேசை மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அதன் நுனியில் வெண்ணெய்க் காகிதம் ஒட்டியிருந்ததைப் பார்த்து, கேக் பெட்டி பிரிக்கிற ஆயுதம் என்று குத்தூஸ் முடிவு கட்டினார். கரண்டைத் தொட்டே பார்க்காமல் கரண்டில் பிழைக்கிற சாதியில் இவர் உச்சம் என்று தோன்றியது. பேராசிரியர் உட்காரச் சொன்னார். ஆனால் நாற்காலியில் இருந்த காகிதக் கட்டை எடுக்கவில்லை.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. காயலாங்கடைத் தொட்டியில பெயின்ட்ல எழுதியிருக்கறத நம்பி உலகத்துக்கு முன்னாடி பேப்பர் போட முடியுங்களா?"

"தொட்டி பொய் சொல்லாதுங்க சார்."

"தொட்டி சொல்லாதுங்க. எழுதுன ஆளு?"

குத்தூஸ் சிரித்துவைத்தார். பேராசிரியர் மேலே போனார். தறி ஷெட்காரர்களின் சங்கம் தன்னைத்தான் ஆலோசகராக வைத்திருக்கிறது, நவம்பர் ஒன்றாம் தேதி சனிக்கிழமை கூட்டத்தில் ஸ்டீவுடையது பராமரிப்புக் கோளாறு என்று அறிவிக்கப்போகிறேன், அதோடு விஷயம் முடிந்தது என்றார். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தீர்களா என்று குத்தூஸ் கேட்டார். மாதிரி இருக்கும்போது போக வேண்டியதில்லை என்றார் பேராசிரியர். வெயிலில் இறங்கி நடக்காமலே வயலுக்கு விலை பேசுகிற தரகர்களைக் குத்தூஸ் பார்த்திருக்கிறார். அவர்கள்கூட ஒரு பிடி மண்ணையாவது கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஐப்பசி மழை இடித்துக்கொண்டு வந்தது. ஸ்டீவின் நாலாவது டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. குத்தூஸ் புதன்கிழமை காலையில் குட்டியானை லோடு வண்டியை எடுத்துக்கொண்டு சூலூர் போனார்.

ஷெட்டில் தறி ஓடாத அமைதி அசிங்கமாக இருந்தது. வேலைக்காரர்கள் நூல் மூட்டைமேல் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தறியில் ஏற்றின பாவு நூலில் தூசி படிந்திருந்தது. ஸ்டீவ் நாற்பது வயசு ஆள், முகம் அறுபதைக் காட்டியது. குத்தூஸ் தன் வழக்கப்படி டிரான்ஸ்பார்மரை ஒரு சுற்று சுற்றி வந்து, தொட்டியில் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். எண்ணெய் கறுத்துவிட்டது என்றார், தகடு பழசு என்றார், செம்பு விலை இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார். ஒன்றும் உண்மையில்லை. ஸ்டீவ் எதிர்த்துப் பேசவே இல்லை. நீங்கள் சொல்கிற விலைக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்றுவிட்டார். எதிராளி பேரம் பேசாத இடத்தில் ஜெயிப்பது உப்பில்லாத கறி மாதிரி இருந்தது குத்தூஸுக்கு.

"என்னோடது ராசியில்லாத கம்பம்னு சகலை கோயில் முச்சூடும் சொல்லிப்போட்டாருங்க பாய்" என்றார் ஸ்டீவ். "காணிக்கை ஒழுங்கா போடறதில்லையாமா, அதனால ஆண்டவரு என்ற டிரான்ஸ்பார்மரப் பாத்துப் பாத்து அடிக்கறாராமா. அஞ்சாவது வாங்க எனக்குத் தெம்பில்லீங்க. ஷெட்டை யாராச்சும் கேட்டா குடுத்தர்லாம்னு இருக்கறேன்."

அந்தச் சகலைதான் பக்கத்துச் சின்னப்பராஜ். அக்காள் விமலாராணியை அவரும் தங்கையை ஸ்டீவும் கட்டியிருந்தார்கள். குத்தூஸ் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். வாசலில் நாலு சுற்று உருகியிருந்தது. கீழே செம்பு பளபளத்தது. பராமரிப்பாவது, காணிக்கையாவது. இடி. உருகின துண்டை ஸ்டீவிடமே வெட்டிக் கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சின்னப்பராஜ் கூப்பிட்டார். "ஏனுங்க பாய், அங்க துக்கம் விசாரிச்சது போதும். நம்ம ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க."

சின்னப்பராஜுக்கு வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை படாமல் சாப்பிடத் தெரியாதவர், மற்றவர்களுக்கு வாழக் கற்றுக்கொடுக்கிறவர். இலையில் தேங்காய்ப்பால் ஊற்றின சந்தகை வந்தது. அதைப் பிசைந்துகொண்டே, ஸ்டீவின் ஷெட்டுக்கு நியாயமான விலை என்ன வரும் என்று ஜாடையாகக் கேட்டார். பக்கத்தில் நிற்கிற மாடு செத்தால் தோல் யாருக்கு என்று விசாரிக்கிற தோரணை அதில் இருந்தது.

உங்களுக்கு மட்டும் எப்படி ஒன்றுமே ஆவதில்லை என்று குத்தூஸ் கேட்டார். சின்னப்பராஜ் மேலே சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தைக் கண்ணால் காட்டினார். கரண்டியோடு நின்றிருந்த விமலாராணி பக்கென்று சிரித்தாள்.

"சாமிக்கு இவரு வேலையே மிச்சம் வெக்கறதில்லீங்க பாய். சூலூர்ல இடி மொனகுனா இங்க மனுசன் எந்திரிச்சுருவாரு. சாப்புட்ட கையோட போயி தறியெல்லாம் நிறுத்திப்போட்டு, ரப்பர் கையுறைய மாட்டிட்டு, கம்பத்துக்கடியில இருக்கற சுவிட்சப் புடிச்சு இழுத்துருவாரு. மழை விடற வரைக்கும் ஊடெல்லாம் இருட்டு. நான் மெழுகுவத்தி ஏத்திட்டு உக்காந்திருக்கோணும். கல்யாணத்தன்னிக்குத் தாலி கட்டக்கூட இந்த வேகம் இல்லீங்க."

"சிரி சிரி" என்றார் சின்னப்பராஜ், கோபப்படாமல். "லைனோட சவகாசமே வேண்டாம்னு கட் பண்ணிடறேனுங்க பாய். இடி வந்து பாக்கும், கதவு சாத்தியிருக்கும், போயிரும். இத்தனை படிச்ச எஞ்சினியருங்களுக்கு இந்த ரோசனை வருதுங்களா? ஆறு வருசமா ஒரு இடி விட்டதில்லீங்க நான்."

அன்று மஃரிப் தொழுகை முடிந்து வீட்டில் சோறும் தால்சாவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, குத்தூஸ் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னார். வயிறு குலுங்கச் சின்னப்பராஜ் ஓடுகிற ஓட்டத்தை உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினார். சாஜிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நஸ்ரியாவின் கை மட்டும் தட்டில் நின்றுவிட்டது.

"சுவிட்சு திறந்திருக்குமா? ஒவ்வொரு இடிக்குமா?"

"விட்டதே இல்லீங்கறான் மடையன்."

"இடி தாங்கி எந்தப் பக்கம் அத்தா? அரெஸ்டரு. சுவிட்சுக்கு லைன் பக்கமா, டிரான்ஸ்பார்மர் பக்கமா?"

குத்தூஸ் கண்ணை மூடிக் கம்பத்தை நினைத்துப் பார்த்தார். ஒரு பொருளை ஒருதரம் பார்த்தால் மறக்கமாட்டார். இடியைப் பூமிக்கு இறக்கிவிடுகிற அந்த அரெஸ்டர் டிரான்ஸ்பார்மர் பக்கம் இருந்தது. அப்படியென்றால் சுவிட்சை இழுத்ததும் அரெஸ்டரும் லைனை விட்டுக் கழன்றுகொள்ளும்.

நஸ்ரியா கையைக் கழுவிவிட்டு வந்து விளக்கினாள். ஓடிவருகிற அலை, பூமிக்கு இறங்க வழியில்லாத அறுந்த முனையில் முட்டினால் அழியாது. அப்படியே திரும்பும். திரும்புகிறதும் பின்னால் வந்துகொண்டிருக்கிறதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரண்டு மடங்காகும். குத்தூஸுக்கு அது சட்டென்று பிடிபட்டது. தீபாவளிக்கு முந்தின நாள் ஒப்பணக்கார வீதியில் ஒரு முனையைப் போலீஸ் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? முன்னால் போன கூட்டம் திரும்பும், பின்னால் வருகிற கூட்டம் தள்ளும். நசுங்குவது தடுப்புக்குப் பின்னால் நிற்கிற போலீஸ்காரன் இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் கடை போட்டிருக்கிறவன்.

"அதேதான் அத்தா. ஸ்டீவ் அண்ணனோட அரெஸ்டர் தனியா ஒரு ஆளா நின்னு அத்தனையும் தாங்க முடியறதில்லே, டிரான்ஸ்பார்மர் சாகுது. சின்னப்பராஜ் அண்ணன் சுவிட்சை இழுக்காம இருந்தா, ரெண்டு அரெஸ்டரும் சேந்து இறக்கி விட்டிருக்கும். என்னோட கம்ப்யூட்டர் மாதிரி தப்பில்லே. சுவிட்சு மூடியிருக்குன்னு நெனச்சுக் கட்டுனதுதான் தப்பு. எந்தப் பைத்தியக்காரன் இடிக்குள்ள ஓடிப்போயி சுவிட்சை இழுப்பான்னு எந்தப் புஸ்தகத்துலயும் எழுதலியே."

சுவிட்சைத் திறந்துவைத்து மாதிரியை மறுபடி ஓட்டினாள். மூன்று தொட்டியும் பொருந்தின. குட்டியானையில் வந்து இறங்கியிருந்த நாலாவதும் பொருந்தியது.

வெள்ளிக்கிழமை முப்பத்தொன்று. ஜும்ஆ தொழுகை முடிந்து மூன்று மணிக்கு அப்பனும் மகளும் பேராசிரியர் அறையில் இருந்தார்கள். இந்தத் தடவை நஸ்ரியா நாற்காலியில் இருந்த காகிதக் கட்டைத் தானே எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அத்தாவை உட்காரவைத்தாள். பிறகு படிவத்தை மேசையில் விரித்தாள்.

ஸ்டீவுடையது ஏன் போகிறது என்று தெரிந்துவிட்டது, பராமரிப்பு இல்லை என்றாள். என்ன காரணம் என்றார் வின்ஸ்டன். கையெழுத்துக்குப் பிறகு சொல்கிறேன் என்றாள். குத்தூஸ் மூச்சை இழுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் தன் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதின பிள்ளை எழுத்தை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை, பேரத்தையும் கற்றிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எங்கிட்டயே பேரம் பேசறியா? இது என்ன காயலாங்கடையா?"

"இல்லீங்க சார். அங்க பொருளை நேர்ல பாக்காம யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

பேராசிரியரின் முகம் சிவந்தது. அவள் அதே குரலில் தொடர்ந்தாள். நாளைக்குச் சங்கத்தில் பராமரிப்பு என்று சொன்னால் ஸ்டீவ் எழுந்து உருகின செம்பை மேசைமேல் வைப்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. என்னிடம் இருக்கிறது.

வின்ஸ்டன் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். அவர் கண்ணில் ஓடின கணக்கைக் குத்தூஸால் எதிர்ப்பக்கத்திலிருந்தே படிக்க முடிந்தது. பிறகு குழைந்த குரலில், எந்தக் கண்டுபிடிப்பானாலும் ஆலோசகர் என்ற முறையில் சங்கத்துக்குத் தன் பெயரில்தான் போகவேண்டும், அதுதான் முறை என்றார்.

இந்த இடத்தில்தான் விலையை ஏற்றவேண்டும். குத்தூஸ் மகளுக்குக் கண்ணைக் காட்டினார். அவளோ யோசிக்கவே இல்லை.

"எடுத்துக்குங்க சார்."

பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். இதிலுள்ள எல்லாத் தகவல்களும் என் நேரடி மேற்பார்வையில் சரிபார்க்கப்பட்டவை என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே போட்டார். பின்னிணைப்பில் அறுபத்திரண்டு தொட்டிகள், உபயம் அப்துல் குத்தூஸ் காயலாங்கடை, உக்கடம் என்று இருந்ததைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழைய பைக்கை எடைக்குப் போட வருகிற பையன்கூட ரசீதைப் படித்துவிட்டுத்தான் போடுவான். படிவம் பைலுக்குள் போனதும் நஸ்ரியா சுவிட்சைப் பற்றிச் சொன்னாள். கேட்டு முடித்துத் தலையை ஆட்டிக்கொண்டு, இதை நான் ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டேன் என்றார் பேராசிரியர்.

வெளியே ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தார்கள். அங்கே குத்தூஸ் வெடித்தார்.

"துருப்புடிச்ச போல்ட்டைக்கூட நான் இந்த வெலைக்குக் குடுக்க மாட்டேன். ஆறு வருச உழைப்பு. கேட்ட ஒடனே தூக்கிக் குடுத்துப்போட்டு வர்றியே."

கிழக்கே வானம் கரித்துணி மாதிரி இருண்டிருந்தது. சூலூர்ப் பக்கம் ஒரு மின்னல் கீறியது. நஸ்ரியா அதைப் பார்த்துவிட்டு, சின்னப்பராஜுக்குப் போன் போடச் சொன்னாள். குத்தூஸ் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

எடுத்தவர் அவசரத்தில் இருந்தார். இப்போது சுவிட்சை இழுக்கவேண்டாம் என்றும், அது ஏன் என்றும், குத்தூஸ் தனக்குத் தெரிந்த தமிழில் ஒப்பணக்கார வீதிவரை இழுத்து விளக்கினார். மறுமுனையில் மூக்கால் ஒரு சிரிப்பு.

"ஏனுங்க பாய், பழைய இரும்பு எடை போடறவரு எனக்குக் கரண்டு சொல்லித் தர்றீங்களா?"

"நான் சொல்லலீங்க. எம்புள்ள ஆறு வருசமா கணக்குப் போட்டு..."

"பொட்டப் புள்ளைக போடற கணக்க நம்பி நான் என்ற டிரான்ஸ்பார்மர விடறதுங்களா? மேகம் வந்துபோச்சுங்க. வெச்சர்றேன்."

குத்தூஸ் போனைக் காதில் வைத்தபடி மகளைப் பார்த்தார். அவள் மோவாயை மட்டும் தூக்கி, தாங்கள் இறங்கிவந்த கட்டடத்தின் இரண்டாவது மாடியைக் காட்டினாள். அவள் என்னத்தை விற்றாள், அதற்கு என்னத்தை வாங்கினாள் என்று அப்போது அவருக்குப் புரிந்தது. மறுமுனை வைத்துவிடுவதற்குள் முந்திக்கொண்டார்.

"வின்ஸ்டன் புரொபசர் சொன்னாருங்க" என்றார்.

மறுமுனையில் காலடிச் சத்தம் நின்றது.

"புரொபசரேங்களா?"

"அவரேதானுங்க. அவரு கண்டுபுடிச்சதுதான். நாளைக்குச் சங்கத்துல சொல்லப்போறாரு. கையெழுத்தே போட்டுட்டாருங்க."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க பாய்" என்றார் சின்னப்பராஜ், மரியாதை வந்த குரலில். "ஏ விமலா, தறி எதையும் நிறுத்த வேண்டாம்னு சொல்லு. புரொபசர் சொல்லியுட்டிருக்காரு."

குத்தூஸ் போனைப் பையில் போட்டார். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. இன்று காலையில்கூட ஒருவனிடம் செம்பு இறங்குகிறது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். ஒன்றுக்குக்கூட வாய் கசந்ததில்லை. இப்போது கசந்தது. தரையில் துப்பினார்.

முதல் தூறல் விழுந்தது. நஸ்ரியா பைலைத் துப்பட்டாவுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

"வண்டிய எடுங்க அத்தா. அஞ்சு மணிக்கு மூடிருவாங்க."